குச்சியால் எலி ஓட்டிய கதை

போன ஐப்பசியில் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. முதலில் கண்டுகொள்ளவில்லை. இருபது வருடமாக மவுஸைப் பிடித்துச் சம்பாதிக்கிற கை, கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். தீபாவளி இனிப்பு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் பையனிடம் நீட்டியபோதுதான் உறைத்தது. டாக்டர் கையைத் திருப்பி, மடக்கி, ஒரு இடத்தில் அழுத்தினார். நான் "ஆ" என்றதும் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஆறு வாரம் மவுஸைத் தொடாதீங்க சார்" என்றார். "அப்ப வேலை?" என்றேன். "அதை உங்க மேனேஜர்கிட்டதான் கேக்கணும்" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இடது கையில் மவுஸைப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் இடது தோளும் பாட ஆரம்பித்துவிட்டது. கீபோர்டை மட்டும் வைத்து ஒப்பேற்றலாமா என்றால், கோட் எழுதுகிற வரைக்கும் சரி. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ஒரு படத்தில் ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்துக் காட்ட வேண்டியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? அப்போதுதான் சோபாவில் கிடந்த பையனுடைய கேம் கன்ட்ரோலர் கண்ணில் பட்டது. மடியில் வைத்துப் பிடிக்கலாம். மணிக்கட்டு அசைய வேண்டியதில்லை. இடது கட்டைவிரல் ஒன்று போதும்.

கன்ட்ரோலரை மவுஸாக மாற்றுகிற மென்பொருள்கள் பல வருடமாகவே இருக்கின்றன. ஜாய்டுகீ, எக்ஸ்பேடர், ஆன்டிமைக்ரோ என்று பெயர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்றை இறக்கி வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் பிஈ படித்தவன். நாமே எழுதிப் பார்ப்போமே என்கிற வியாதி எங்கே போகும்? வீட்டில் ஓடுவது லினக்ஸ். கன்ட்ரோலர் அனுப்புகிற எண்களை ஒரு பக்கம் படித்து, யூஇன்புட் என்கிற வழியாக ஒரு பொய் மவுஸை மறு பக்கம் உண்டாக்கினால் போதும். பைத்தானில் நாற்பது வரிகூட இல்லை.

ஓட்டினேன். கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துக் கையை எடுத்த பிறகும் கர்சர் தன் பாட்டுக்கு ஊர்ந்து போய் வலது மூலையில் உட்கார்ந்துகொண்டது. ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் அது சரியாக நடுவுக்கு வந்துவிடும் என்று நம்பியது என் தப்பு. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சுமாராகத்தான் நடுவுக்குக் கொண்டுவரும். சரி, நடுவில் கொஞ்ச இடத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன். டெட் ஜோன் என்பார்களே, அது. அடுத்து, மெதுவாக நகர்த்தினால் இடப்பக்கம் போகும் கர்சர் வலப்பக்கம் போகவே இல்லை. ஒரு பிக்சலுக்கும் குறைவான நகர்வை முழு எண்ணாக மாற்றும்போது கீழ்நோக்கி முழுமையாக்கியிருந்தேன். கூட்டல் 0.4 பூஜ்ஜியமாகிவிடும், கழித்தல் 0.4 கழித்தல் ஒன்றாகிவிடும். மிச்சத்தைச் சேர்த்துவைத்து அடுத்த முறை கூட்டிக்கொள்ள வேண்டும் என்று புரிய ஒரு இரவு போனது. பிறகு வந்தது பெரிய தலைவலி, வேகம். திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீக்கிரம் போகிற மாதிரி வைத்தால், சின்னப் பட்டன்மேல் நிறுத்த முடியவில்லை. நிறுத்துகிற மாதிரி வைத்தால், ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போவதற்குள் காபி ஆறிவிடுகிறது.

இந்த மூன்று தொல்லையும் எனக்கு மட்டுமா வந்திருக்கும், முன்னால் யாராவது இதே சேற்றில் கால் வைத்திருப்பார்களே என்று தேட ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தக் குறிப்பு. ஆறு வாரமும் ராத்திரி இதுதான் வேலை.

எங்கே ஆரம்பிப்பது? மவுஸ் பிறந்த வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்து, பில் இங்கிலீஷ் 1964இல் மரக்கட்டையில் செய்துகாட்டியது அது. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் நடத்திய செயல்விளக்கம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. திரையில் ஒரு எழுத்தைச் சுட்டிக்காட்ட எந்தக் கருவி நல்லது என்று நாசா பணத்தில் அவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 1967இல் அது கட்டுரையாக வெளிவந்தது. மவுஸோடு ஒளிப்பேனா, கிராஃபகான் என்ற கைக்கருவி, ஜாய்ஸ்டிக், மேஜைக்கு அடியில் முழங்காலால் ஆட்டுகிற ஒரு கருவி என்று எல்லாம் வரிசையில் நின்றன. ஆம், முழங்கால். தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழகியவர்கள் கையில் மவுஸ் ஜெயித்தது. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களிடம் முழங்கால் கருவியும் ஒளிப்பேனாவும் மவுஸுக்கு நன்றாகவே தண்ணி காட்டின. முழங்காலுக்கு ஒரு வசதி, கை கீபோர்டை விட்டு நகரவே வேண்டாம். இந்த "கையை எடுத்து, தேடி, பிடிக்கிற நேரம்" என்கிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஜாய்ஸ்டிக்கை அவர்கள் இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஒன்றில், குச்சி எங்கே சாய்கிறதோ அதற்கு நேரான இடத்தில் கர்சர் நிற்கும். இன்னொன்றில், குச்சி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகத்தில் கர்சர் ஓடும். என்னுடைய நாற்பது வரி இரண்டாவது ரகம். இந்த வித்தியாசத்தில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மவுஸை நகர்த்துவது, மேஜையில் இருக்கும் டம்ளரைக் கையால் தள்ளுவது மாதிரி. கை நின்றால் டம்ளர் நிற்கும். குச்சியால் வேகத்தை ஆட்டுவது, குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. எவ்வளவு திறக்கிறோமோ அது வேகம்தான், அளவு கிடையாது. கழுத்துவரை நிரம்பி நிற்க வேண்டுமென்றால் சரியான நொடியில் மூட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வழிந்துவிடும். அதாவது மவுஸில் "போய் நில்" என்பது ஒரே அசைவு. குச்சியில் "போ" ஒரு அசைவு, "நில்" இன்னொரு அசைவு. மூளைக்கு ஒரு படி கூடுதல் வேலை. எத்தனை நாள் பழகினாலும் அந்தப் படி முழுதாகக் காணாமல் போவதில்லை.

இதை எண்ணால் அளந்து காட்டியது ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். ஸ்டூவர்ட் கார்ட், பில் இங்கிலீஷ், பெட்டி பர் மூவரும் 1978இல் எழுதிய கட்டுரை அது. அதே பில் இங்கிலீஷ்தான், ஜெராக்ஸுக்கு மாறிவிட்டார். பால் ஃபிட்ஸ் 1954இல் ஒரு விதி சொல்லியிருந்தார்: குறி எவ்வளவு தூரம், எவ்வளவு சின்னது என்ற இரண்டையும் வைத்து, அதைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று லாகரிதம் போட்டுச் சொல்லலாம் என்று. உலோகத் தகடுகளைக் குச்சியால் தட்டவிட்டுக் கண்டுபிடித்தது. கார்ட் குழு அதை மவுஸுக்குப் போட்டுப் பார்த்தது. மவுஸில் ஆகிற நேரம், வெறும் கையால் தொடுவதற்கு ஆகிற நேரத்தின் கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. தடையாக இருப்பது மனிதனுடைய கண்ணும் கையும்தான், கருவி இல்லை என்று அர்த்தம். இதைவிடப் பெரிதாக வேகமான கருவி செய்ய முடியாது என்ற தீர்ப்பு. மவுஸை விற்பனைக்குக் கொண்டுவர ஜெராக்ஸ் எடுத்த முடிவுக்கு இந்த ஆய்வு பெரிய காரணம் என்று சொல்வார்கள்.

குச்சிக்கு? இரண்டாவது இடம். அந்தக் குச்சி அசையாது, அழுத்தத்தை மட்டும் உணரும். கர்சரின் வேகம் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். அதாவது மெல்ல அழுத்தினால் ரொம்ப மெல்ல, பலமாக அழுத்தினால் ரொம்ப வேகம். நான் மூன்று ராத்திரி முட்டி மோதிக் கண்டுபிடித்த வேக வளைவு, நான் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தது. படித்தபோது கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் எரிச்சல்.

ஆக, பாடப்புத்தகத்தில் கதை இங்கே முடிந்துவிடும். மவுஸ் ஜெயித்தது, ஜாய்ஸ்டிக் விளையாட்டுக்குப் போனது. எனக்கு இந்த முடிவில் ஒரு குறை. சோதனை நடத்தியவர்கள் எல்லாரும் மவுஸை எடுக்கலாம், குச்சியையும் எடுக்கலாம் என்ற நிலையில் இருந்தவர்கள். எது வேகம் என்பதுதான் கேள்வி. ஆனால் கையில் மவுஸே இல்லாதவன், இருந்தும் பிடிக்க முடியாதவன், இவர்களுக்குக் கேள்வியே வேறு. குச்சியை வைத்து எப்படிச் சமாளிப்பது? அதற்கு விடை தேடியவர்களின் வரலாறு ஒரே இடத்தில் தொகுத்து எழுதப்பட்டதாக எனக்குக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடைத்ததை இங்கே ஒட்டுகிறேன்.

1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரோடு ஒரு கேம் கார்டும் விற்றது. பதினைந்து ஊசி இணைப்பு, இரண்டு ஜாய்ஸ்டிக், நான்கு பட்டன். குச்சிக்குள் இருப்பது பழைய ரேடியோவில் வால்யூம் திருகுகிற அதே சாமான், மாறும் மின்தடை, பூஜ்ஜியத்திலிருந்து 100 கிலோ ஓம் வரை. ஆனால் அந்தத் தடையை நேராக எண்ணாக மாற்றித் தருகிற சிப் கார்டில் இல்லை, செலவு. பதிலுக்கு ஒரு தந்திரம். ப்ராசசர் ஒரு போர்ட்டில் எதையாவது எழுதினால் ஒரு மின்தேக்கி சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். குச்சியின் தடை அதிகமானால் நேரம் அதிகமாகும். ஐபிஎம் கொடுத்த கணக்கு: 24.2 மைக்ரோசெகண்ட், அதோடு ஒரு ஓமுக்கு 0.011 மைக்ரோசெகண்ட். குச்சியைக் கடைசிவரை தள்ளினால் சுமார் 1.1 மில்லிசெகண்ட். அதுவரை ப்ராசசர் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எண்ணிய எண்ணிக்கைதான் குச்சியின் நிலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேகமான மெஷின் வாங்கினால் அதே நேரத்தில் அதிகமாக எண்ணிவிடும். குச்சி அதே இடத்தில்தான் இருக்கும், எண் மாறிவிடும். பழைய டாஸ் விளையாட்டுகள் ஆரம்பிக்கும்போது "குச்சியை மேல் இடது மூலைக்குத் தள்ளி பட்டனை அழுத்து" என்று கெஞ்சுமே, அதற்கு இது ஒரு காரணம். இந்தக் குச்சியால் கர்சரை ஓட்டலாம், ஆனால் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் ப்ராசசர் வேறு எதுவும் செய்யாது. விளையாட்டில் பரவாயில்லை. நாள் முழுக்க ஓடும் கர்சருக்கு இது பெரிய வரி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1986. கமடோர் 64. ஒரு மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 64 கிலோபைட் நினைவகம், 320க்கு 200 புள்ளித் திரை. இதில் பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் ஜியோஸ் என்று ஒரு இயங்குதளத்தைக் கொண்டுவந்தது. சின்னப் படங்கள், மெனு, குப்பைத்தொட்டி என்று மேக்கின்டாஷில் பார்த்த எல்லாம் இந்தச் சின்னப் பெட்டியில். மவுஸ் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜாய்ஸ்டிக்கோ விளையாடுகிற வீட்டில் எல்லாம் கிடக்கும். அதனால் ஜியோஸ் ஜாய்ஸ்டிக்கையே மவுஸாக எடுத்துக்கொண்டது.

அதுவும் எப்படிப்பட்ட ஜாய்ஸ்டிக்? என் பையனுடைய கன்ட்ரோலர் மாதிரி "எவ்வளவு சாய்ந்திருக்கிறது" என்று சொல்லத் தெரிந்தது இல்லை. அட்டாரி காலத்து ஒன்பது ஊசிக் குச்சி. உள்ளே நான்கு சுவிட்ச், பட்டனுக்கு ஒன்று. மேல், கீழ், இடம், வலம், இவை சேர்ந்த மூலைகள், மொத்தம் எட்டுத் திசை. ஒன்று அழுத்தியிருக்கிறது, இல்லையென்றால் இல்லை. மெதுவாக, வேகமாக என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தின்மேல் எப்படிப் போய் நிற்பது?

அவர்கள் செய்தது: காலத்தைக் கூட்டிக்கொண்டார்கள். குச்சியைத் தட்டினால் கர்சர் மிகக் குறைந்த வேகத்தில் ஊரும். பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் ஏறும், ஒரு உச்சத்தில் நின்றுவிடும். ஜியோஸ் நினைவகத்தில் இதற்கென்றே பக்கத்துப் பக்கத்தில் மூன்று பைட்டுகள் உண்டு: உச்ச வேகம், குறைந்த வேகம், முடுக்கம். பயனர் தன் கைக்கு ஏற்ற மாதிரி மூன்றையும் மாற்றிக்கொள்ள ஒரு திரையே வைத்தார்கள். குச்சியைப் படித்துக் கர்சரை நகர்த்தும் மொத்த நிரலுக்கும் ஒதுக்கிய இடம் 378 பைட். அந்த இடத்தில் ஜாய்ஸ்டிக் நிரலை எடுத்துவிட்டு மவுஸ் நிரலைப் போட்டால், மற்ற எந்த அப்ளிகேஷனுக்கும் வித்தியாசமே தெரியாது. நான் இன்றைக்கு யூஇன்புட் வழியாகச் செய்கிற அதே பொய், 378 பைட்டில். என் பைத்தான் கோப்பின் தலையில் இருக்கும் குறிப்புரைகூட அதைவிடப் பெரிது.

கதை இங்கே ஒரு குட்டிக்கரணம் அடிக்கிறது. கமடோர் நிறுவனமே 1350 என்று ஒரு மவுஸ் விற்றது. பார்த்தால் சாதாரண இரண்டு பட்டன் மவுஸ். ஆனால் அது கணினியிடம் தன்னை ஜாய்ஸ்டிக் என்றுதான் சொல்லிக்கொள்ளும்! உருட்டினால் "இடது சுவிட்ச் அழுத்தியிருக்கிறது" என்று சமிக்ஞை போகும். மெதுவாக உருட்டினாலும் வேகமாக உருட்டினாலும் கணினிக்குத் தெரியாது. குச்சி எலி வேஷம் போட்டது போதாதென்று, எலி குச்சி வேஷம் போட்டது. ஜாய்ஸ்டிக் ஓடும் எல்லா மென்பொருளிலும் ஓடும் என்பது விற்பவர் தரப்பு நியாயம். மவுஸை வாங்கியவன் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பான் என்பது என் ஊகம்.

அடுத்து வந்த 1351 சரியான மவுஸ். அதற்குக் கமடோர் செய்த வேலை அழகானது. கணினியின் ஒலிச் சிப்பில், பழைய திருகு கன்ட்ரோலர்களைப் படிக்க இரண்டு கம்பிகள் இருந்தன. ஐபிஎம் கார்டு மாதிரியே மின்தேக்கி நேரத்தை அளக்கிறவை. 1351 தன் நிலையை அந்த நேரத்துக்குள் ஒளித்து அனுப்பியது. முழு நிலையும் இல்லை, 64ஆல் வகுத்து வரும் மீதி மட்டும். போன தடவை மீதி என்ன, இந்தத் தடவை என்ன என்று கழித்துப் பார்த்தால் எவ்வளவு நகர்ந்தது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். அதுவும் போதாமல், வலது பட்டனை அழுத்திக்கொண்டே கணினியை ஆன் செய்தால் 1351 பழையபடி 1350 ஆகி ஜாய்ஸ்டிக் வேஷத்துக்குத் திரும்பிவிடும். பழைய நண்பர்களை விட்டுவிடாத குணம்.

கையை எடுத்துத் தேடிப் பிடிக்கிற நேரம் என்று மேலே சொன்னேனே, அதைப் பிடித்துக்கொண்டவர் டெட் செல்கர். கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக முக்கால் நொடி, திரும்பி வர ஏறத்தாழ இன்னொரு முக்கால் நொடி என்று 1984 வாக்கில் படித்துவிட்டு, கீபோர்டுக்கு நடுவிலேயே ஒரு குட்டிக் குச்சியை நட்டால் என்ன என்று யோசித்தார். ஐபிஎம்மில் வருடக்கணக்காக உழைத்து, 1992இல் திங்க்பேட் 700சி மடிக்கணினியில் டிராக்பாயிண்ட் என்று வந்தது. ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிவப்புப் பொட்டு. (ஐபிஎம்மில் சிவப்பு அவசர சுவிட்சுக்கு மட்டும் என்று விதி. அதனால் வடிவமைப்பாளர்கள் இதை மெஜந்தா என்று சொல்லிச் சமாளித்தார்கள் என்று ஒரு கதை உண்டு.)

செல்கரும் ரட்லெட்ஜும் 1990இல் வெளியிட்ட வேக வளைவுதான் எனக்கு விடிவு காட்டியது. வர்க்கம் மாதிரி நேராக ஏறிக்கொண்டே போகிற வளைவு இல்லை அது. நடுவில் டெட் ஜோன். பிறகு கொஞ்ச தூரத்துக்கு வேகம் ஏறவே ஏறாது, படிக்கட்டின் சமதளம் மாதிரி. சின்னப் பட்டனில் போய் நிற்க இந்த இடம். அதற்குப் பிறகு சட்டென்று ஏறும். ஏறி, இன்னொரு சமதளத்தில் நின்றுவிடும். ஏன் நிற்க வேண்டும்? அதற்குமேல் வேகமாகப் போனால் கண்ணால் கர்சரைத் தொடர முடியாது. கண் தொலைத்துவிட்ட கர்சரால் யாருக்கு லாபம்? விரல் எவ்வளவு அழுத்தினாலும் கண்ணின் வேகத்துக்கு மேல் தரமாட்டேன் என்ற கணக்கு. நான் "உச்ச வேகம்" என்று குத்துமதிப்பாக ஒரு எண் போட்டிருந்தேன். அது என் கண்ணைப் பார்த்துப் போட வேண்டிய எண் என்று தோன்றவே இல்லை.

விண்டோஸ் 95இல் மவுஸ்கீஸ் என்று ஒரு வசதி வந்தது. மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் கீபோர்டின் எண் பகுதியால் கர்சரை ஓட்டலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ட்ரேஸ் மையம் இந்த மாதிரி வசதிகளை முன்பே செய்து வைத்திருந்தது. அதன் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். எட்டுத் திசைக்கு எட்டு விசை. பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் ஏறும். மாற்றிக்கொள்ள இரண்டு அளவுகோல்: உச்ச வேகம், முடுக்கம். அப்படியே ஜியோஸ்! ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. சுவிட்சை மட்டும் வைத்துக் கர்சர் ஓட்டப் போனால் யார் போனாலும் அந்த வாசலுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது போல. ஒருவர் மலிவான கணினிக்காரருக்காகச் செய்தது, இன்னொருவர் கை வராதவருக்காகச் செய்தது, இரண்டும் ஒரே நிரல்.

மவுஸ்கீஸ் என்ற பெயரை இத்தனை வருடமாகக் கன்ட்ரோல் பேனலில் பார்த்திருக்கிறேன். யாருக்கு இது என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. எனக்கு ஆறு வாரம்தான். ஆறு வாரத்தில் எத்தனை இணையதளங்கள் மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினாலே மூடிக்கொள்ளும் மெனு வைத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். ஒன்றிரண்டு நானே எழுதியவை.

விளையாட்டுப் பக்கம் சீக்கிரமாகப் பார்த்துவிடுவோம். தொண்ணூறுகளின் பின்பாதியில் நின்டென்டோ 64, அப்புறம் சோனியின் டூயல்ஷாக் வந்த பிறகு கட்டைவிரல் ஸ்டிக் எல்லாக் கன்ட்ரோலரிலும் ஒட்டிக்கொண்டது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த நிரல் கோப்பில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஸ்டிக்கின் வீச்சு ஒரு பக்கம் 32767. டெட் ஜோன் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. கால்வாசி வீச்சு குப்பைக்கு! என் கர்சர் ஊர்ந்ததற்கு வெட்கப்படத் தேவையில்லை என்று இதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஆனால் இந்த எண்ணை அப்படியே இரண்டு அச்சுக்கும் தனித்தனியாகப் போட்டால் நடுவில் ஒரு சிலுவை உருவாகி, கர்சர் நேர்கோட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். வட்டமாகப் போட வேண்டும், வட்டத்தின் விளிம்பிலிருந்து மறுபடி பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

2014இல் பங்கி நிறுவனத்தின் டெஸ்டினி விளையாட்டு ஒரு துணிச்சல் செய்தது. டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலர் பிடிக்கிறவனுக்கு, மெனுவில் பட்டியல் தாவுவதற்குப் பதிலாக, மவுஸ் மாதிரியே சுதந்திரமாக ஓடும் கர்சரைக் கொடுத்தது. குச்சியால் கர்சர் ஓட்டுவது கொடுமை என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் திரும்பிப் பார்த்தது திரைப் பக்கம். பட்டன்மேல் வரும்போது கர்சர் தானாக வேகம் குறையும். ஃபிட்ஸ் கணக்கில் சொன்னால், குறியைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிவிட்டார்கள். என் நிரலால் இதைச் செய்ய முடியாது, எந்த ஜன்னலில் எங்கே பட்டன் இருக்கிறது என்று பொய் மவுஸுக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் விளையாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

குழாய் வேண்டாம், டம்ளரையே தள்ளுவோம் என்று முடிவெடுத்தது வால்வ். 2015 நவம்பரில் வந்த ஸ்டீம் கன்ட்ரோலரில் வலது ஸ்டிக்கையே எடுத்துவிட்டு வட்டமான தொடுபரப்பு வைத்தார்கள். விரலை இழுத்தால் கர்சர் நகரும், நின்றால் நிற்கும். வீட்டு சோபாவிலிருந்து மவுஸ் விளையாட்டுகளை ஆடலாம் என்பது திட்டம். பெரிதாக ஓடவில்லை, 2019இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 2022இல் வந்த ஸ்டீம் டெக்கில் அதே தொடுபரப்பு, இந்த முறை இரண்டு ஸ்டிக்குகளையும் எடுக்காமல் பக்கத்தில் வைத்து. 1967இல் ஜாய்ஸ்டிக்கை இரண்டு விதமாகச் சோதித்தார்களே, அந்த விவாதம் இன்னும் ஒரே பெட்டிக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் 2018இல் விற்க ஆரம்பித்த அடாப்டிவ் கன்ட்ரோலர் இன்னொரு கிளை. பின்பக்கம் 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19. கால், தலை, முழங்கை எதால் முடிகிறதோ அதற்கான சுவிட்சை அதில் செருகலாம். அந்த முழங்கால் கருவிக்கு இன்றைக்கு ஒரு துளை கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் நிரலுக்கு வருகிறேன். வட்ட டெட் ஜோன், டிராக்பாயிண்ட் மாதிரி இரண்டு சமதளம், மிச்சத்தைச் சேர்த்துவைக்கும் கணக்கு, கண்ணால் தொடரும் அளவுக்கு உச்ச வேகம். நாற்பது வரி நூற்றி இருபது ஆனது. இதோடு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எல்லா வேகமும் நான்கில் ஒரு பங்காகும். இது எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை, மீட்டிங்கில் பெட்டியை இழுக்க வேண்டிய பயத்தில் வந்தது. இழுத்தேன். பெட்டி வேண்டிய இடத்தில் போய் நின்றது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஒருவர் மட்டும் "நெட் ஸ்லோவா இருக்கா சார்?" என்று கேட்டார்.

மவுஸ் அளவுக்கு வேகம் வரவில்லை. 1978 தீர்ப்பு 1978 தீர்ப்புதான், என் கட்டைவிரல் அதற்கு மேல்முறையீடு செய்ய முடியாது. மணிக்கட்டு இப்போது பரவாயில்லை. காலையில் மவுஸ், மதியத்துக்கு மேல் கன்ட்ரோலர் என்று பிரித்து வைத்திருக்கிறேன். பையன் மட்டும் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் கதவருகிலேயே நின்று, "அப்பா, வேலை முடிஞ்சுதா? அதைக் குடுங்க" என்று கை நீட்டுகிறான். இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்று வாங்க வேண்டும்.